கடைசியாகப் பேசியவருக்கே சம்மதம்

என் வீட்டுக்காரரிடம் ஒரு விஷயத்துக்குச் "சரி" வாங்குவதற்குள் ஒரு பஞ்சாயத்துத் தேர்தலையே நடத்தி முடித்துவிடலாம். பெயர் கோகுலகிருஷ்ணன், ஊர் அம்பாசமுத்திரம், வேலை இயற்பியல் ஆசிரியர். சாம்பாரில் முருங்கைக்காய் போடலாமா என்று கேட்டால்கூட, போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று இரண்டு பக்கமும் விசாரித்துவிட்டுக் கடைசியில் வேண்டாம் என்பார். இந்த மனிதரோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியதற்கு அரசாங்கம் எனக்குத்தான் விருது கொடுத்திருக்க வேண்டும். அது அவரைக் கூப்பிட்டு வாசகர் பணி கொடுத்தது.

வாசகர் பணி என்னவென்று சொல்வதற்கு முன் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சிந்துஜா. ஒரு காலத்தில் தமிழாசிரியை. இப்போது பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இணக்க எழுத்து சொல்லிக் கொடுக்கிறேன். இணக்க எழுத்து என்றால், படிக்கிறவர் நம் பக்கம் சாய்கிற மாதிரி எழுதுவது. முன்பெல்லாம் அந்தக் கட்டுரைகளுக்கு நாங்களே மார்க் போட்டோம். ஒரே கட்டுரைக்கு ஒருவர் பத்து போடுகிறார், இன்னொருவர் மூன்று போடுகிறார் என்று பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். மாநில மதிப்பீட்டு ஆணையம் யோசித்து யோசித்து ஒரு கருவியைக் கொண்டுவந்தது. அதற்கு மனமானி என்று பெயர்.

ஹெல்மெட் மாதிரி இருக்கும். அதை மாட்டிக்கொண்டு வாசகர் கட்டுரையைப் படிக்க வேண்டும். படிக்கப் படிக்க அவர் மனம் அந்தக் கருத்தின் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று ஒரு முள் காட்டும். முள் எங்கே போய் நிற்கிறதோ அதுதான் மார்க். கையெழுத்துக்கு மார்க் கிடையாது, நடைக்குக் கிடையாது. பயிற்சி வகுப்பில் நான் எழுந்து, உண்மைக்காவது மார்க் உண்டா என்று கேட்டேன். வந்திருந்த அதிகாரி நல்ல மனிதர், கோபப்படவில்லை. உண்மையை அளக்கிற மெஷினுக்கு இன்னும் டெண்டர் விடவில்லை மேடம் என்றார்.

அப்புறம் என்ன, முள்ளுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தோம். முதல் வரியில் வாசகர் தோளில் கைபோட்டுக்கொள். இரண்டாவது பத்தியில் யாருடைய அம்மாவுக்காவது உடம்பு சரியில்லாமல் போகட்டும். அப்புறம் ஒரு சதவீதம். அதற்கு அப்புறம் கொஞ்சம் பயம். கடைசியில், முடிவை அவரே எடுத்ததாக அவர் நினைத்துக்கொள்ள வேண்டும், நீ எடுத்துக் கொடுத்ததாகத் தெரியவே கூடாது. இதைத்தான் தினமும் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் கற்பூரமாகப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வருடம் தமிழ்நாட்டுக் கட்டுரைகளில் படுத்த படுக்கையான அம்மாக்களுக்கெல்லாம் கட்டில் போட்டால் பெரியாஸ்பத்திரி தாங்காது. வீட்டிலும் வித்தையைக் காட்டினார்கள். பிள்ளை ஒரு பக்கம் எழுதி நீட்டினால் அப்பா பைக் சாவியை நீட்டினார். மிஸ், தயவுசெய்து கொஞ்சம் மோசமாகச் சொல்லிக் கொடுங்க என்று ஒரு தகப்பனார் என்னிடமே வந்து கெஞ்சினார்.

வாசகர்களை எங்கே பிடிப்பது? தேர்தல் பணிக்குப் பிடிக்கிற மாதிரியேதான். ஆசிரியர்களுக்கு ஆர்டர் வரும். போகாவிட்டால் விளக்கம் கேட்டு மெமோ வரும். எங்கள் பள்ளியில் பாதிப் பேருக்கு அந்த மாதம் பார்த்துத் தலைசுற்றல் வந்துவிடும். முகாமில் முதல் நாள் மனத்தைச் சோதிப்பார்கள். மென்மனம், இடைமனம், கடினமனம் என்று மூன்று ரகம். என் வீட்டுக்காரரைச் சோதித்தபோது என்ன படிக்கக் கொடுத்தும் முள் இருந்த இடத்தை விட்டு நகரவில்லையாம். மெஷின் ரிப்பேர் என்று நினைத்து இரண்டு மெஷின் மாற்றிப் பார்த்தார்களாம். கடைசியில் முகாம் அலுவலரே வந்து கைகுலுக்கி, சார், உங்களை மாதிரி மனசு தென்மாவட்டத்திலேயே கிடையாது, ரேங்க் பேப்பர்களை எல்லாம் நீங்கதான் படிக்கணும் என்றாராம். இவருக்குப் பெருமை பிடிபடவில்லை. போனில் என்னிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு கட்டுரைக்கும் அடுத்த கட்டுரைக்கும் நடுவில் மனத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குத் தணிப்பு என்று பெயர். பழைய ரயில்வே கால அட்டவணையைக் கையில் கொடுத்துக் கொஞ்ச நேரம் படிக்கச் சொல்வார்கள். அதில் யாரும் யாரையும் எதற்கும் சம்மதிக்க வைப்பதில்லை அல்லவா? நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரிசல்ட் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். கட்டுக் கட்டாகப் பேப்பர் பாக்கி. அட்டவணை நான்கு பக்கத்திலிருந்து ஒரு பக்கம் ஆனது, அப்புறம் அதுவும் போனது. மாநிலத்திலேயே சாமர்த்தியமாக எழுதுகிற பிள்ளைகளின் கட்டுரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக என் வீட்டுக்காரர் மண்டைக்குள் போய் விழுந்துகொண்டே இருந்தன.

திரும்பி வந்தவரிடம் வழக்கம்போல, சாம்பாருக்கு முருங்கைக்காய் போடவா என்று கேட்டேன். "போடேன், நல்லாத்தான இருக்கும்" என்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். புது பிரிட்ஜ் வாங்கலாமா என்றால் வாங்கலாம். என் தங்கை குடும்பத்தோடு வந்து தங்கட்டுமா என்றால் தாராளமாக. கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். ஒரு சாயங்காலம் இரண்டு கட்சிக்காரர்கள் அடுத்தடுத்து ஓட்டுக் கேட்டு வந்தார்கள். இரண்டு பேரிடமும் நீங்கள் சொல்வதுதான் நியாயம் என்றார். போகும்போது ஆளுக்கொரு கொடியைக் கேட்டில் கட்டிவிட்டுப் போனார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த நாட்களில்தான் எங்கள் மகள் ஆதிரை தூத்துக்குடியிலிருந்து வந்தாள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை. கூட வேலை செய்கிற பிரிட்டோ என்ற கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வருடமாக ஒற்றைக்காலில் நின்றாள். இவர் அதைவிட உறுதியாக இரண்டு காலில் நின்றார். வேதக்காரங்க வீடு, நாளைக்குப் பிறக்கிற பிள்ளை எந்தப் பக்கம், அதுக்குப் பதில் சொல்லு என்பதே அவர் பேச்சு. இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று போயிருந்தது. அவள் வந்தால் இவர் மாடிக்குப் போய்விடுவார். இப்போது அவள் தயங்கித் தயங்கி, அப்பா, பிரிட்டோ விஷயம், என்று ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் "சரிம்மா, செஞ்சிருவோம்" என்றார். அவள் அவர் காலில் விழுந்து அழுதாள். நான் பூஜை அறைக்கு ஓடினேன். ஆவணியில் ஒரு நாள் குறித்துப் பதிவாளர் அலுவலகத்தில் மனுவும் கொடுத்துவிட்டோம்.

மறுவாரம் கடையத்திலிருந்து இவருடைய அண்ணன் வந்தார். குடும்ப மானம், பாட்டன் பூட்டன், ஊர் என்ன சொல்லும் என்று அரை மணி நேரம் பேசினார். கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று இவர் தலையாட்டினார். அண்ணன் பஸ் ஏறியதும் ஆதிரை போய் உட்கார்ந்து பேசினாள். நடத்திவிடலாம் என்று அதற்கும் தலையாட்டினார். பூம்பூம் மாடு கெட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த வீட்டில் இனிமேல் கடைசியாகப் பேசியவருக்கே சம்மதம்.

ஆணையத்துக்குப் போன் போட்டேன். வாசகர்கள் சற்று மென்மையடைவது இயல்பு என்றார்கள். சற்றா, கொடி இரண்டு பறக்குதுங்க என்றேன். பாதிக்கப்பட்டவர் பேசட்டும் என்று போனை இவரிடம் கொடுக்கச் சொன்னார்கள். சார், உங்களுக்குப் பிரச்சினை ஒன்றும் இல்லையே என்று கேட்டிருக்கிறார்கள். இல்லையே என்று இவர் சொல்லியிருக்கிறார். புகார் திருப்திகரமாக முடித்து வைக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது.

என் கையில் இல்லாத வித்தையா என்று என் வகுப்பிலேயே முதலாவதாக வருகிற ஹர்ஷவர்தினியைக் கூப்பிட்டேன். மனிதன் தன் முடிவில் உறுதியாக நிற்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னேன். கல்லும் கரையும்படி எழுதினாள். உறுதி இல்லாத ஒரு தகப்பனால் அதிலும் ஒரு அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இவர் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனிமேல் நான் உறுதியாக இருக்கப்போகிறேன் சிந்து என்றார். அன்று மாலை பக்கத்து வீட்டுக்காரர், என்ன சார் மனுஷன் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகணும் என்று சும்மா சொல்லிவைத்தார். அதுவும் சரிதான் என்று விட்டுக்கொடுத்துவிட்டார்.

சரி, இனிமேல் ஒரே வழிதான் என்று நான் முடிவு கட்டினேன். ஆவணி வரைக்கும் கடைசியாகப் பேசுகிற ஆள் நாமாக இருக்க வேண்டும். வாசலில் காவல் இருந்தேன். அண்ணன் போன் செய்தால் குளிக்கிறார் என்றேன். மாதக்கணக்கில் ஒரு மனிதர் குளித்துக்கொண்டே இருந்தார். ஆதிரைக்கு இது பிடிக்கவில்லை.

"இது சம்மதமாம்மா?" என்று கேட்டாள். "பெரியப்பா கேட்டாலும் சரின்னுதான் சொல்லுதாரு. கேஸ் சிலிண்டர் போடுத ஆளு கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவாரு. இதை வாங்கிக்கிட்டு நான் என்ன செய்ய?"

"கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். எனக்கு மகள் கல்யாணம் நடக்க வேண்டும். அவருக்கு என்ன குறைச்சல், சாப்பிடுகிறார், தூங்குகிறார், சிரிக்கிறார். சண்டை போடத்தான் ஆள் இல்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய குறை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே உப்பில்லாமல் ரசம் வைத்தேன். நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார். சமையலறைக்குப் போய் அழுதேன்.

வகுப்பில் முத்தரசி என்று ஒரு பெண் உண்டு. பயிற்சிக்காக வகுப்பில் ஒரு மனமானி வைத்திருக்கிறோம். அவள் கட்டுரைக்கு முள் அசைந்ததே கிடையாது. ஊரணியை மூடிப் பஸ் ஸ்டாண்டு கட்ட வேண்டும் என்று வாசகரை ஏற்கச் செய்க என்பது அந்த வாரத் தலைப்பு. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் பஸ் இல்லாமல் ஒரு அம்மாவைச் சாகடித்திருந்தார்கள். திருத்துவதற்காக நான் வீட்டுக்குக் கொண்டுவந்த கட்டை இவர் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் அடடா, அடடா என்று பஸ் ஸ்டாண்டை எழுப்பிக்கொண்டே போனார். திடீரென்று சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். கையில் முத்தரசியின் பேப்பர்.

அவள் எழுதியிருந்தது இதுதான். பஸ் ஸ்டாண்டு வந்தால் வெயிலில் நிற்க வேண்டாம். ஆனால் ஊரணி போனால் எங்கள் தெருக் கிணறு வற்றிவிடும் என்று சொல்கிறார்கள், அது நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு வந்தால் என் அம்மா அங்கே பூக்கடை போடலாம் என்று இருக்கிறார். அதனால்தான் எனக்கு அது வேண்டும் என்று தோன்றுகிறது. ஆகையால் நான் சொல்வதை நீங்கள் முழுவதும் நம்ப வேண்டாம். நீங்களே ஒருமுறை ஊரணிப் பக்கம் போய்ப் பாருங்கள்.

"என்ன பொண்ணு இது?" என்றார். "வேணும்னு சொல்லுதாளா, வேண்டாம்னு சொல்லுதாளா?"

"அது அப்படித்தான், முட்டை மார்க் வாங்குத கேசு" என்றேன்.

எழுந்து கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். கையை ஆட்டித் தனக்குத்தானே கணக்குப் போட்டார். அவரை அப்படிப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று! சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் இருட்டுகிற நேரத்தில் செருப்பெல்லாம் சேறாகத் திரும்பி வந்தார். "பஸ் ஸ்டாண்டு வேண்டாம். வடக்குப் பக்கம் ஊத்து இருக்கு. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு" என்றார்.

முகாமிலிருந்து வந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் "வேண்டாம்" அது. மற்றவர்கள் அவரைப் பிடித்து இழுத்தார்கள், தள்ளினார்கள். இந்தப் பெண் தள்ளவே இல்லை. தள்ளாததால் அவரே எழுந்து நடந்து பார்க்க வேண்டியதாகிவிட்டது.

நல்ல மனைவி என்றால் அன்றைக்கே முத்தரசியின் பேப்பர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் போட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? இருந்த ஒன்றிரண்டையும் எடுத்து பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பஸ் ஸ்டாண்டு வேண்டாம் என்றவருக்கு அடுத்து பிரிட்டோ வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் காலை அவர் பழையபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நானும் நிம்மதியாகக் காப்பி குடித்தேன். அந்தக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

கல்யாணப் புடவை எடுக்க பீரோவைத் திறந்த ஆதிரை அவற்றைப் பார்த்துவிட்டாள். என்ன இது என்றாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை, விஷயத்தைச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். ரெண்டு வாரம்தாண்டி, பொறுத்துக்கோ என்றேன். எனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் அவளிடம் காட்டினேன். தோளில் கை போட்டேன், அழுதேன், பயமுறுத்தினேன். முடிவை நீயே எடு தாயி என்றும் சொன்னேன். அவள் எடுத்தாள். பேப்பர்களைக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். போதாததற்கு முத்தரசி வீட்டுக்கே போய், பழைய நோட்டு இருந்தால் கொடும்மா என்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

தினமும் படித்தார். பள்ளிச் சீருடை வேண்டுமா, செல்போன் நல்லதா, யானையைக் கோயிலில் கட்டலாமா. எல்லாவற்றிலும் அந்தப் பெண் இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு, எனக்குத் தெரியவில்லை என்று எழுந்து போயிருந்தாள். இவர் பேப்பரோடு சண்டை போட்டார். அப்புறம் என் ரசத்தோடு சண்டை போட்டார். கேட்டில் இருந்த இரண்டு கொடியையும் பிடுங்கி எறிந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதிரையைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"இந்தக் கல்யாணத்துல எனக்குச் சம்மதம் இல்ல."

அவள் முகம் வெளுத்துப் போயிற்று. ஆனாலும், வாங்கப்பா என்றாள், ஊருக்குப் போய்விட்டு வந்தவரிடம் சொல்கிற மாதிரி.

"வேதக்காரங்க வீடு. பிள்ளை எந்தப் பக்கம்னு அன்னைக்கே கேட்டேன். பதில் சொல்லு" என்றார்.

இணக்க எழுத்து வந்த முதல் வருடமே நூற்றுக்கு நூறு வாங்கியவள் அவள். எப்படிச் சொன்னால் எங்கே இறங்கும் என்று அவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பதில் இல்லப்பா" என்றாள். "அவங்க அம்மாவுக்கு என்னைப் பிடிச்சிருக்கான்னே எனக்குத் தெரியல. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அவனைத்தான் கட்டிக்கப் போறேன்."

"பதில் இல்லாம எதுக்கு என் முன்னால வந்து உக்காந்திருக்க?"

"நீங்க கேக்கணும்னுதான்."

இரண்டு பேரும் அழுதார்கள். ஆனால் யாரும் இறங்கி வரவில்லை. அன்று முழுக்க, மறுநாள் முழுக்க வாக்குவாதம். ஒரு பேச்சுக்கு இன்னொரு பேச்சு, ஒரு கதவடைப்புக்கு இன்னொரு கதவடைப்பு. என் வீடு பழையபடி வீடாகிவிட்டது என்று ஒரு பக்கம் சந்தோஷம், கல்யாணம் போய்விட்டதே என்று ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். அண்ணன் வெற்றிக் களிப்போடு வந்து, அப்படிப் போடுடா தம்பி என்றார். என் பொண்ணுகிட்ட நான் பேசுதேன், நீங்க நடுவுல வராதீங்க என்று இவர் அண்ணனையும் அனுப்பிவைத்தார். குறித்த நாளில் கல்யாணம் நடந்தே தீரும் என்று ஆதிரை நின்றாள், அந்தக் கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன் என்று இவர் எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் ஒன்றைச் சொன்னால் அதுதான் என்று நமக்குத் தெரியாதா?

முத்தரசி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்பீர்கள். அடுத்த பொதுத்தேர்விலும் அவளுக்கு முள் அசையவில்லை. "நம்ப வேண்டாம்" என்கிற வரியை மட்டும் எடுத்துவிடு, தேறிவிடுவாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கையில் இருந்த அகமதிப்பெண்ணை முழுதாகப் போட்டு அவளைத் தேறவைத்துவிட்டேன். என் சர்வீஸில் நான் போட்டதிலேயே நேர்மையான மார்க் அதுதான், ஆனால் அதை விளக்கி ஆணையத்துக்கு எழுதச் சொன்னால் எனக்கு எழுதத் தெரியாது.

கல்யாணத்தன்று நானும் ஆதிரையும் ஆட்டோவில் போனோம். அவர் மாடியிலிருந்து இறங்கவே இல்லை. பதிவாளர் அலுவலகத்தில் பிரிட்டோ, அவனுடைய அப்பா, இரண்டு நண்பர்கள். சாட்சிக்கு மூன்று பேர் வேண்டும். பையன் பக்கம் இருவர் போட்டாயிற்று, பெண் பக்கம் நான் போடுவதாக ஏற்பாடு. பேனாவைக் கையில் எடுத்தேன். வாசலில் பழைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கை அப்படியே நின்றது.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முகத்தில் அதே கடுகடுப்பு. யாரையும் பார்க்காமல் நேராக மேஜைக்கு வந்தார். பிரிட்டோவின் அப்பா எழுந்து கும்பிட்டார். பதிவாளர் கலகலப்பான ஆள்.

"பொண்ணோட அப்பாவா? வாங்க சார். சம்மதம்தான?" என்றார்.

"இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். "எனக்கு இதுல உடன்பாடு கிடையாது."

ஆதிரை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்ன எதுக்கு சார் வந்தீங்க?"

"சாட்சிக் கையெழுத்துப் போட. என் மக கல்யாணத்துக்கு வேற யாரு போடுவா?"

என்னை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார். எல்லாரும் காத்திருந்தோம். படித்து முடித்துச் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து பிரிட்டோவிடம், "பேனா இருக்கா?" என்று கேட்டார். அவர் தாமாக அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.